மேல்விளிம்பில் மட்டும் ஒட்டிய சீட்டு

இன்று காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உன்னை முதலில் கண்டுபிடித்தது என் மூக்குதான். மயிலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்சுவரில் இரண்டு பேர் காதணி விழா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி நிறைய மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது. வெந்த மாவும் களிம்பேறிய செம்பும் சேர்ந்தால் வருமே, அந்த வாசனை. எண்பதுகளில் நாம் குப்பை கொட்டிய விழுப்புரம் அச்சகத்தின் பின்கட்டு அப்படியே எழுந்து வந்து எதிரில் நின்றது. பஸ் வந்தது. போனது. நான் மூக்கோடு நின்றுகொண்டிருந்தேன்.

என் பையில் ஒரு கோந்து பாட்டில் இருந்தது, நேற்று கடையில் வாங்கியது. நீ பார்த்திருந்தால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் அளந்திருப்பாய். புத்தகத்தில் கோந்து தடவுகிறவனை நீ மனிதர்களில் சேர்த்ததே இல்லை. "கோந்து காய்ஞ்சா வெடிக்கும்டா. பசைதான் காயிதத்தோட குடும்பம் நடத்தும்" என்பாய். சரி என்று அந்த ஆளிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணே, இந்தப் பசையில கொஞ்சம் குடுக்க முடியுமா?"

"எதுக்கு சார்? கல்யாணமா, கட்சியா?"

"பழைய தப்பு ஒண்ணு இருக்கு. அது மேல ஒட்டணும்."

என் நரையையும் தொப்பையையும் பார்த்து அவர் என்ன தப்பைக் கற்பனை செய்துகொண்டாரோ தெரியவில்லை. "ஒட்டிக்க சார். இந்தச் செவுத்துல மட்டும் ஒட்டிடாத, இது நம்ம ஏரியா" என்று சொல்லி, டீக்கடையிலிருந்து நான் வாங்கி வந்த காகித டம்ளரில் ஒரு கை அள்ளிப் போட்டார். அடுத்த பஸ்ஸில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஏறினேன். "இன்னா சார், கோயில் பாயசமா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வதில் எனக்கு இருக்கும் சரளம்தான் உனக்குத் தெரியுமே. இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நான் எழுதியதில் எங்கே பிசகு என்று விரலை வைப்பது உன் தொழில். வைத்துக்கொள்.

விழுப்புரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நம் அச்சகம். முன்கட்டில் கல்யாணப் பத்திரிகை, பின்கட்டில் மாணவர்களுக்கான வரலாற்று வரிசை. நான் எழுதுகிறவன், நீ பிழை திருத்துகிறவன். இருவருக்கும் வயது இருபத்து நாலு. நான் தினமும் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் வந்து இறங்குவேன், எப்போதும் தாமதமாக. நீ எனக்கு முன்பே வந்து, நேற்று நான் எழுதியதைச் சிவப்பு மையில் குளிப்பாட்டி வைத்திருப்பாய்.

நம் முதலாளி மகான்களை ஃபாரம் கணக்கில் அளப்பவர். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஒரு வாழ்க்கைக்கு இரண்டு ஃபாரம். பேரரசர் என்றால் போனால் போகிறது என்று மூன்று. புத்தகத்தின் உருவமும் அவர் வகுத்ததுதான்: பிறப்பு ஒரு பக்கம், மறைவு ஒரு பக்கம், திருமணம் ஒரே வரி. ஆனால் 'இளமையிலேயே' என்ற அத்தியாயம் மட்டும் நாலு பக்கத்துக்குக் குறையக்கூடாது. "சின்ன வயசுல ஒரு வீரதீரம் இல்லன்னா ஹெட்மாஸ்டருங்க புத்தகத்தைத் தொட மாட்டாங்கப்பா. பரிசளிப்பு விழாவுல குடுக்கறதுக்கு அதான் வேணும்" என்பார்.

அவர் சொன்னதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நான் நாலு வீரதீரங்களைக் கைவசம் தயாராக வைத்திருந்தேன். ஒன்று, பாம்பைக் கையால் பிடிப்பது. இரண்டாவது, ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி அடி வாங்குவது. மூன்றாவது, தன் சோற்றைப் பிச்சைக்காரனுக்குப் போடுவது. நாலாவது, வெள்ளத்தை நீந்திக் கடந்து பள்ளிக்குப் போவது. எந்த நாட்டுப் பெரியவராக இருந்தாலும் இந்த நாலில் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வளர வேண்டும். பாலைவன நாட்டுத் தலைவர் ஒருவரை நான் நீந்தவிட்டபோது நீ புரூஃபைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"டேய், அந்த ஊர்ல எங்கடா வெள்ளம்?"

"எப்பவாவது மழை பெய்யாதா?"

"இதப் படிக்கிற புள்ளைங்க நெசம்னு நம்பும்டா."

"நம்பத்தானே எழுதறோம்."

நீ நீச்சலைச் சிவப்பு மையில் அடித்தாய். அந்தத் தலைவருக்குப் பாம்பு கொடுத்தோம்.

இந்த லட்சணத்தில்தான் கிளியனூர்ப் பக்கத்துத் தியாகியின் வாழ்க்கை நம் கைக்கு வந்தது. சிறைக்குப் போனவர். விடுதலைக்குப் பிறகு ஊர் ஊராக நடந்து, மேடை மேடையாகப் பேசி, சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பள்ளிக்கூடங்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர். அவர் காலமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. மனைவி ஊரில் இருந்தார். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். "போய் அந்தம்மாவ ஒரு வாட்டி பாத்துட்டு வந்து எழுதுடா" என்று நீ மூன்று முறை சொன்னாய். எனக்கு எதற்கு? என்னிடம் நாலாவது வீரதீரம் சும்மா கிடந்தது. ஸ்டேஷன் எதிரில் இருந்த டீக்கடையை விட்டு எழுந்திருக்காமலேயே தியாகியைப் பத்து வயதில் ஆற்றில் தள்ளி, புத்தகப் பையைத் தலையில் கட்டி, மறுகரையில் ஏற்றிவிட்டேன்.

உள்ளதைச் சொன்னால், அந்த நாலு பக்கமும் நன்றாக வந்திருந்தன. சுழல் அவனைக் கீழே இழுக்கும் இடத்தில் எனக்கே மூச்சு முட்டியது. புத்தகம் பைண்டிங் ஆகி வந்ததும் மயிலம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அந்தத் தலைமையாசிரியர் மறுநாளே பிரார்த்தனைக் கூட்டத்தில் அதை உரக்கப் படித்தாராம். பிள்ளைகள் கைதட்டினார்களாம். நான் எழுதிய எதற்கும் அதுவரை யாரும் கைதட்டியதில்லை. வீட்டில் என் அப்பா, "அச்சாபீஸ்ல இன்னா பண்ற, மை ஊத்தறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கிளியனூருக்கு இழுத்துக்கொண்டு போனாய். அந்தம்மா பெரிய தட்டில் வேகவைத்த மல்லாட்டையைக் கொட்டி முன்னால் வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மருமகள் வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். நான் பல்லை இளித்துக்கொண்டு கைதட்டலுக்குத் தயாரானேன். ஆறு வந்ததும் அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா ஆறு தம்பி அது?"

"வந்து... உங்க ஊர் ஆறுதாம்மா."

"நம்ம ஊர்ல ஏது ஆறு? ஒரு ஓடை கீது, அதுலயும் ஆடுதான் போவுது."

மருமகள் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள். நீ என்னைப் பார்க்கவில்லை. நான் ஒரு மல்லாட்டையை எடுத்து, ஓட்டுக்குள் இருந்த கடலையை ரொம்ப நேரம் உரித்தேன்.

அந்தம்மா கோபப்படவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அவுருக்குத் தண்ணின்னா அவ்ளோ பயம் தம்பி. ஏரியில எறங்கவே மாட்டாரு. கெணத்து மேட்டுல நின்னுக்கினு நான் மொண்டு ஊத்தணும். தண்ணி மட்டுமா? பள்ளிக்கூடத்துல எழுந்து பேசச் சொன்னா நிஜாரு நனைஞ்சிடுமாம். ஓடிப் போயி கேப்பைக் கொல்லையில ஒளிஞ்சிக்குவாராம். கூட்டத்துக்குப் போறப்பல்லாம் பாத்திருக்கேன், கையி இப்பிடி ஆடும். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு வுடுவேன். பயந்துக்கினேதான் போவாரு. ஆனா ஒரு நாளாவது போவாம இருந்ததில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசியில படுத்துக்கினு இருக்கும்போது சொன்னாரு, 'பசங்களாண்ட இத யாருனா சொல்லணும்'னு. நீங்க பசங்களுக்குப் புத்தகம் போடறவங்களாச்சே, சொல்லிடுங்க தம்பி" என்றார்.

"சொல்லிடறோம்மா" என்று நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். 'சொல்லிடறோம்' என்றாய். என்னையும் சேர்த்து.

திரும்பும் பஸ்ஸில் நாம் சண்டை போட்டதில் டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"கட்டு கட்டியாச்சுடா. ஸ்கூலுக்கெல்லாம் போவப் போற நேரத்துல புத்தகத்தைக் கிழிக்கச் சொல்றியா?"

"கிழிக்க வேணாம். தப்புன்னு ஒரு சீட்டு அடிச்சி அந்தப் பக்கத்துல ஒட்டுவோம்."

"ஒரு தியாகி நிஜாரு நனைச்ச கதைய எவன்டா படிப்பான்?"

"நனைக்கிற புள்ள படிக்கும்" என்றாய். "வகுப்புக்கு அஞ்சாறு இருக்கும்டா, எழுந்து நிக்கவே நடுங்கற புள்ளைங்க. பாம்பு புடிக்கிறவனாப் பாத்துப் பாத்து எழுதற. அதுங்களுக்கு ஒருத்தர் வேணாமா?"

உனக்கு எப்படி அது தெரியும் என்று எனக்குத் தெரியும். நம் அச்சகத்துக்கு யாராவது புதிதாக வந்தால் நீ ஏன் பின்கட்டுக்குப் போய்விடுவாய் என்றும் தெரியும். தெரிந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை நான். "உன்ன மாதிரி ஆளுக்கு ஒரு புத்தகமா?" என்றேன். நான் இறங்கும் வரை நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

மறுநாள் நீயே அச்சுக் கோத்தாய். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. சீட்டில் இவ்வளவுதான் இருந்தது: 'இவர் வெள்ளத்தை நீந்திக் கடந்ததாக இங்கே அச்சாகியிருப்பது தவறு. இவருக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரைக் கண்டால் பயம். மேடையைக் கண்டாலும் பயம். பயந்துகொண்டேதான் போனார். போகாமல் இருந்ததில்லை. – பதிப்பகத்தார்.'

பசை காய்ச்சினாய். ஒட்டும் முறையையும் காட்டினாய். நாலு ஓரமும் தடவக் கூடாது, மேல்விளிம்பில் மட்டும் ஒரு விரல் பசை. சீட்டு ஒரு கதவு மாதிரி தொங்க வேண்டும். தூக்கினால் கீழே பழைய வரிகள் தெரிய வேண்டும். "மறைச்சி ஒட்டனா இன்னொரு பொய்டா. தப்பு இன்னான்னும் தெரியணும், சரி இன்னான்னும் தெரியணும்" என்றாய்.

கட்டுகளைப் பிரித்துக்கொண்டோம். விழுப்புரமும் விக்கிரவாண்டியும் உனக்கு. திண்டிவனமும் மயிலமும் எனக்கு. என் பங்குச் சீட்டுகளை நியூஸ் பேப்பரில் சுற்றி, ஒரு டப்பா பசையோடு கொடுத்தாய்.

நான் ஒன்றைக்கூட ஒட்டவில்லை.

காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. கைதட்டல்தான். அந்தச் சுழலின் மேல் 'தவறு' என்று ஒரு சீட்டைத் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை. பசை வீட்டில் புளித்தது, அம்மா கொட்டிவிட்டாள். புத்தகங்களை அப்படியே பள்ளிகளுக்குக் கொடுத்தேன். கைதட்டிய பள்ளிக்கு, அதன் பெயரையே பட்டியலில் எழுதாமல், இன்னும் ஐந்து பிரதி சேர்த்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து நீ கேட்டாய்.

"ஒட்டிட்டியா?"

"ஒட்டியாச்சு, ஒட்டியாச்சு."

நீ என் கையைப் பார்த்தாய். மயில்துத்தப் பசையில் வேலை செய்தவன் நகக்கண்ணில் ஒரு வாரத்துக்கு நீலம் இருக்கும். உன் பத்து விரலிலும் இருந்தது.

"கை சுத்தமா இருக்குதே."

"நல்லா தேய்ச்சிக் கழுவனேன்."

"சரி" என்றாய். நான் புத்தகம் கொடுத்த பள்ளிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டாய். வழக்கம்தான் என்று நினைத்தேன்.

அப்புறம் அச்சகம் மூடியது, நீ ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தா ஆனாய், நான் பத்திரிகைகளில் மனைவியையும் மாமியாரையும் கிண்டல் செய்து பெயர் வாங்கினேன். வருஷத்துக்கு இரண்டு முறை சந்தித்தோம். அந்தப் புத்தகத்தைப் பற்றி நீ பேசவில்லை. நானா பேசுவேன்? நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்து ஒரு மணி நேரம் உளறிச் சிரிக்க வைத்தேன். கிளம்பும்போது நீ என் கையைப் பிடித்துத் திருப்பி நகங்களைப் பார்த்தாய். எனக்குச் சர்க்கரை வியாதி, அதற்காக நகத்தைப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். அதே பள்ளி, கைதட்டிய பள்ளி. ஒரு பெண் மேடையில் ஏறி, வெள்ளத்தில் நீந்திய தியாகியைப் பற்றி முழங்கினாள். வரிக்கு வரி என் வரி. சுழல் வந்த இடத்தில் இந்தக் கிழட்டு நெஞ்சு நிமிர்ந்ததை உன்னிடம் மறைப்பானேன்? அடுத்து ஒரு பையன் வந்தான். "மதிப்பிற்குரிய" என்றான். நின்றுவிட்டான். மறுபடி "மதிப்பிற்குரிய" என்றான். கை ஆடியது. கீழே பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் இறங்கிப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். பக்கத்திலிருந்த ஆசிரியை என்னிடம் குனிந்து, "இவன் எப்பவும் இப்படித்தான் சார். அந்தத் தியாகி புத்தகத்தைப் படிச்சாவது தைரியம் வரட்டும்னு நான்தான் குடுத்தேன்" என்றார்.

அன்றிலிருந்து நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. "இன்னா, செருப்புல முள்ளா?" என்று மனைவி கேட்டாள். பரண்மேல் ஏறி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சீட்டுகள் இருந்தன, நீ சுற்றிக் கொடுத்த அதே நியூஸ் பேப்பரில். ஒட்டவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. என் பங்குக்கு வந்த பள்ளிகள் சில இன்னும் ஞாபகம் இருந்தன. முதலில் மயிலத்துப் பள்ளிக்குப் போனேன். நூலகத்தைக் கவனிக்கும் ஆசிரியர், "பழசெல்லாம் அந்த பீரோவுல இருக்குது சார், பூரான் இருந்தா சொல்லுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பூரான் இல்லை. புத்தகம் இருந்தது. திறந்தேன்.

சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மேல்விளிம்பில் மட்டும் ஒட்டியது. அச்சுச் சீட்டு இல்லை, அவை எல்லாம் என் பெட்டியில் அல்லவா இருந்தன. கையால் எழுதியது. சிவப்பு மை பழுப்பாகியிருந்தது. உன் 'ழ' என்னும் எழுத்தின் வால், அடுத்த வார்த்தைக்கு அடிக்கோடு போடுவது மாதிரி நீளும், அதே வால். நான் ஒட்டவில்லை என்று தெரிந்துகொண்டு, என் பட்டியலை வைத்துக்கொண்டு, புது ஆளைக் கண்டால் பின்கட்டுக்கு ஓடுகிற நீ, முன்பின் தெரியாத தலைமையாசிரியர்கள் முன்னால் போய் நின்று, என்ன சொல்லிப் புத்தகத்தைக் கேட்டாயோ. எத்தனை பள்ளி, எத்தனை ஞாயிற்றுக்கிழமை பஸ், ஒன்றும் தெரியவில்லை. வார்த்தைகள் அச்சுச் சீட்டில் இருந்தவைதான். கடைசிக் கையெழுத்து மட்டும் வேறு. 'பதிப்பகத்தார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நூலாசிரியர்' என்று போட்டிருந்தாய்.

பாவி, என்னை நல்லவனாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இத்தனை வருஷமாக அந்தப் பள்ளிப் பிள்ளைகள் என்னை யோக்கியன் என்று நம்பிப் படித்திருக்கிறார்கள்.

இன்று டம்ளரும் கையுமாகப் போனது கைதட்டிய பள்ளிக்கு. நான் பட்டியலில் எழுதாததால் நீ போக முடியாமல் போன ஒரே இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆறு பிரதியில் நாலு கிடைத்தன. என் பெட்டியிலிருந்த சீட்டுகளில் 'பதிப்பகத்தார்' என்பதை அடித்துவிட்டு, நீ போட்ட வார்த்தையை எழுதினேன். ஒரு விரல் பசை, மேல்விளிம்பில். நாலாவதை ஒட்டும்போது அந்தப் பையனை வரச் சொன்னேன். வந்தான். சீட்டைப் படித்தான். தூக்கிக் கீழே இருந்ததைப் படித்தான். மறுபடி சீட்டைப் படித்தான்.

"சார், இதுல எது நெசம்?"

"மேல ஒட்டி இருக்கறதுதான்."

"நெசமாவே கை ஆடுமா அவருக்கு?"

"பொத்தான்கூடப் போட முடியாதாம். அவரு வீட்டம்மா சொன்னாங்க."

அவன் தன் சட்டைப் பொத்தானை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு சீட்டை மறுபடி தூக்கினான்.

"அப்போ இந்த ஆறு, நீச்சல் எல்லாம் எவன் சார் எழுதனது?"

"மதிப்பிற்குரிய" என்று அவன் நின்றானே, அந்த இடம் எனக்கும் வந்தது. கை லேசாக ஆடியது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான்தான்பா" என்றேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். பையில் இன்னும் கொஞ்சம் சீட்டு மிச்சம் இருக்கிறது. நாளைக்குத் திண்டிவனத்தில் இரண்டு பள்ளிகள். உன் சீட்டு இருந்தால் படித்துவிட்டு வந்துவிடுவேன், இல்லாவிட்டால் ஒட்டுவேன். சாப்பாட்டுக்குக் கை கழுவச் சொல்லி மனைவி மூன்றாம் முறை கூப்பிடுகிறாள். வலதுகைச் சுட்டுவிரல் நகக்கண்ணில் நீலம் இருக்கிறது. அதைக் கழுவாமல் இடதுகையால் சாப்பிட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.